நாகர்கோவில் குழந்தைகள் தலைவலி கிளினிக்: ஆறு வருடம் போய்வந்த பிறகு எழுதுகிறேன்

இந்தக் கிளினிக்குக்கு முதல் தடவை போனது 2019 ஜூன் மாதம். மகளுக்கு அப்போது 9 வயது, ஐந்தாம் வகுப்பு. இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். முதல் நாளே எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பேனோ. எழுதாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. பிள்ளைகளின் தலைவலியை ஒரு மாதத்தில் சரியானதா என்று பார்த்துச் சொல்ல முடியாது என்பது அங்கே வருடக்கணக்காகப் போய்வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

நான் இரணியல் பக்கம் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறவள். மகளுக்குத் தலைவலி 8 வயதில் தொடங்கியது. மாலையில் ஸ்கூல் வேனிலிருந்து இறங்கும்போதே முகம் வெளுத்திருக்கும். நெற்றி முழுக்க இடிக்கிறது என்பாள், வாந்தி எடுப்பாள், ஜன்னலைச் சாத்தச் சொல்லிப் படுத்துக்கொள்வாள். இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் தோசை கேட்பாள், தெருவில் இறங்கி விளையாடுவாள். அப்படி விளையாடுகிற பிள்ளையைப் பார்த்தால் யாருக்கும் நோய் என்று தோன்றாது. ஒரு டீச்சர், கணக்குப் பீரியடு வந்தால்தான் இவளுக்குத் தலை வலிக்கும் என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அதை மகள் என்னிடம் சொன்னதே இரண்டு வருடம் கழித்துத்தான்.

ஒன்றரை வருடம் அலைந்தோம். கண்ணாடிக் கடையில் 0.25 பவர் என்று கண்ணாடி கொடுத்தார்கள். ஓர் இடத்தில் சைனஸ் என்று மூன்று தடவை ஆன்டிபயாடிக். இன்னொரு ஆஸ்பத்திரியில் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே சி.டி. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஸ்கேன் நார்மல் என்று வந்ததும், ஒன்றுமில்லை, கூட்டிட்டுப் போங்க என்றார்கள். ஒன்றுமில்லை என்றால் ஏன் வாந்தி எடுக்கிறாள் என்று கேட்க எனக்கு அன்றைக்குத் தைரியம் வரவில்லை. மாமியார் குளிக்கவைத்ததும் உச்சியில் ராஸ்னாதிப் பொடி தேய்ப்பார். எங்கள் அம்மை மண்டைக்காடு பகவதிக்கு, தலைவலி தீரப் படைக்கிற மண்டையப்பம் நேர்ந்துகொண்டார். மாசிக் கொடைக்குப் போய்ப் படைத்தோம். கடற்கரை மணலின் வெள்ளை வெயிலும் கூட்டமும் மேளச் சத்தமும் சேர்ந்து, பிள்ளைக்கு அங்கேயே வலி வந்து என் மடியில் படுத்துவிட்டாள்.

கிளினிக் வெட்டூர்ணிமடம் பக்கம் ஒரு தெருவுக்குள், மாடியில். டாக்டர் குழந்தை மருத்துவம் படித்து அதற்கு மேல் நரம்பியலும் படித்தவர். முதல் நாள் எங்களோடு முக்கால் மணி நேரம் இருந்தார். என்னிடம் கேட்பதற்கு முன் மகளிடம் ஒரு தாளும் கலர் பென்சிலும் கொடுத்து, “மக்களே, தலைவலி வந்தா எப்படி இருக்கும்? சொல்லண்டாம், வரைஞ்சு காட்டு போதும்” என்றார். அவள் தேங்காய் உரிக்கிற பாரைக்கம்பி வரைந்தாள். கம்பியில் குத்தி நிற்கும் தேங்காய்க்கு இரண்டு கண், ஒரு வாய். மேலே சூரியன் போட்டு அதைக் கறுப்புப் பென்சிலால் அடித்து மூடினாள். ஒன்றரை வருடமாக இருந்த வலியை நான் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தது அந்தத் தாளில்தான். டாக்டர் அதை ஃபைலில் வைத்துக்கொண்டார். இன்றும் அந்த ஃபைலில் முதல் தாள் அதுதான்.

அப்புறம் நடக்கச் சொன்னார், குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், விளக்கை அணைத்துக் கருவி வைத்துக் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். மூளைக்குள் அழுத்தம் கூடியிருந்தால் கண்ணின் பின்புறத்தில் தெரியுமாம். முன்பு போன இடங்களில் யாரும் இதைச் செய்யவில்லை. கடைசியாக, “சின்ன வயசில பஸ்ஸில ஏறினா வாந்தி எடுப்பாளா? காரணமில்லாம வயிறு வலிக்குன்னு சொல்லுவாளா?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 4 வயதில் பேச்சிப்பாறைக்குப் போகிற வழியில் மூன்று இடத்தில் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறோம். வயிற்று வலிக்குப் பூச்சி மருந்து எத்தனை தடவை கொடுத்தோம் என்று கணக்கே இல்லை. இது மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி, அது உள்ள பிள்ளைகள் பலருக்குச் சின்ன வயதில் இப்படி வயிற்றிலும் பயண வாந்தியிலும் தலை காட்டும், பெரியவர்களுக்குப் போல ஒரு பக்கம் மட்டும் வலிக்காமல் நெற்றி முழுக்க வலிக்கும், சீக்கிரம் அடங்கியும் விடும் என்று விளக்கினார். சைனஸ் என்று நினைத்து ஏமாறுவது இதனால்தானாம். நேர்ச்சையைப் பற்றியும் பொடியைப் பற்றியும் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “அம்மைக்குப் பிள்ளை மேல உள்ள பாசம் அது, இருக்கட்டும்” என்று மட்டும் சொன்னார்.

நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இது எப்போது போகும்? மற்ற இடங்களில் எல்லாம் “வயசுக்கு வந்தா சரியாகிடும்” என்றே சொல்லியிருந்தார்கள். இவர் அப்படிச் சொல்லவில்லை. சுவீடனில் பில்லே என்ற குழந்தை மருத்துவர் 1955-ல் ஏறத்தாழ 9,000 பள்ளிப் பிள்ளைகளை விசாரித்து, மைக்ரேன் கடுமையாக இருந்த 73 பேரை மட்டும் 40 வருடம் விடாமல் பின்தொடர்ந்தாராம். அந்தப் பிள்ளைகளுக்கு 50 வயதாகும்போதும் பாதிப் பேருக்கு மேல் மைக்ரேன் இருந்தது. ஆனால் நடுவில் வருடக்கணக்கில் வலியே இல்லாமல் இருந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். கனடாவில் 1983-ல் தலைவலியோடு வந்த பிள்ளைகளை 20 வருடம் கழித்துத் தேடிப்பிடித்துக் கேட்டபோது, நூற்றுக்கு 27 பேருக்குத் தலைவலியே இல்லை. மற்றவர்களில் பலருக்கு வலியின் வகையே மாறிப்போயிருந்தது. “உங்க பிள்ளைக்கு எந்த வழி என்று இன்னைக்கு என்னால சொல்ல முடியாது. போகலாம், குறையலாம், லீவு எடுத்துட்டுத் திரும்பி வரலாம். எது வந்தாலும் அவ படிப்பும் விளையாட்டும் கெடாம பார்த்துக்கலாம்” என்றார்.

அன்றைக்கு அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். ஆனால் இந்தக் கிளினிக்கைப் பற்றி நான் சொல்ல விரும்பும் பெரிய நல்ல விஷயம் இந்தப் பதில்தான். சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தால், பின்னால் வலி கூடின ஒவ்வொரு மாதமும் நான் வேறு டாக்டர் தேடி ஓடியிருப்பேன்.

முதல் மூன்று மாதம், வலி வராமல் தடுக்கிற தினசரி மாத்திரை எதுவும் தரவில்லை. இவ்வளவு தூரம் வந்து மாத்திரை இல்லாமலா என்று வீட்டுக்காரருக்குக் கோபம். அதற்கும் காரணம் சொன்னார். 8 முதல் 17 வயது வரை உள்ள மைக்ரேன் பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரண்டு பேர்போன தடுப்பு மாத்திரைகளையும் மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். வலி நாட்கள் பாதியோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் அமிட்ரிப்டிலினில் நூற்றுக்கு 52, டோபிரமேட்டில் 55, மாவு மாத்திரையில் 61. அதனால் முதலில் மற்றதைச் சரி பண்ணுவோம், தேவைப்பட்டால் மாத்திரை இருக்கவே இருக்கிறது என்றார்.

மற்றது என்று அவர் சொன்னது ஒரு 40 பக்க நோட்டு. வலி வந்த நாள், தொடங்கின நேரம், முந்தின ராத்திரி தூங்கின நேரம், காலையில் சாப்பிட்டது, மாத்திரை போட்டது, வாந்தி. எழுத நான் சோம்பல்படவில்லை, தையல் அளவு நோட்டு எழுதிப் பழகின கை. இரண்டு மாதத்தில் அந்த நோட்டே பேசத் தொடங்கியது. வேன் 7.10-க்கு வரும், அவள் பாதி நாள் பாலை மட்டும் குடித்துவிட்டு ஓடுவாள். அந்த நாட்களில்தான் அதிகமாக வலி. இரண்டு மட்டிப்பழமும் ஒரு துண்டு புட்டும் டப்பாவில் வைத்து வேனில் சாப்பிடக் கொடுத்தேன். தண்ணீர் பாட்டில் பெரிதாக்கினோம். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி வரை தூங்கிவிட்டுத் திங்கட்கிழமை ஐந்தரைக்கு எழுப்புவது வலியைக் கொண்டுவருகிறது என்பதும் நோட்டில்தான் தெரிந்தது. அக்கா வீட்டுக்குக் குலசேகரம் போனால் ரப்பர் ஷீட் காயவைக்கிற நாற்றத்தில் வலி வரும். அதற்கு நாங்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஷீட் அடிக்கிற நேரம் பார்த்து முன்பக்க அறையில் இருக்க வைப்போம்.

வலி தொடங்கின உடனே, முதல் அரை மணி நேரத்துக்குள், எடைக்குச் சரியான அளவில் வலி மாத்திரை கொடுக்கச் சொன்னார். குறைத்துக் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு பாதி கொடுப்பதுதான் நாங்கள் செய்துகொண்டிருந்த தப்பு. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று எழுதியும் தந்தார். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வலி மாத்திரை வேண்டாம் என்றார். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் பாராசிட்டமால் போன்றவற்றைப் போட்டால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம்.

இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்து, “உங்களுக்கும் உண்டா?” என்று கேட்டார். உண்டு. 10 வயதில் தொடங்கியது, என் அம்மைக்கும் இருந்தது. எண்ணிப் பார்த்தால் நான் மாதத்தில் 20 நாளுக்குக் குறையாமல் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். டீ குடிப்பது போல அது ஒரு பழக்கமாகவே ஆகியிருந்தது. என்னைப் பெரியவர்களுக்கான டாக்டரிடம் எழுதி அனுப்பினார். மாத்திரையை விட்ட முதல் இரண்டு வாரம் மெஷினில் உட்காரவே முடியவில்லை. அப்புறம் இருபது நாள் வலி ஆறேழு நாளாகக் குறைந்தது. பிள்ளைக்காகப் போன இடத்தில் எனக்கும் நல்லது நடந்தது. அதற்கு அவர் தனியாக ஒரு ரூபாய் வாங்கவில்லை.

பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்தார்: வலி வந்தால் உடனே மாத்திரை போட விட வேண்டும், அரை மணி நேரம் இருட்டான இடத்தில் படுக்க விட வேண்டும், பிறகு வகுப்புக்குத் திரும்பலாம். மருந்து கொடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை என்று முதலில் மறுத்தார்கள். இரண்டாவது தடவை இன்னும் விளக்கமாகக் கடிதம் எழுதித் தந்தார், ஒத்துக்கொண்டார்கள். அதன் பிறகு தலைவலிக்காக அவள் வீட்டுக்கு அனுப்பப்பட்டது குறைந்துபோயிற்று.

2019 ஜூலையில் மகளுக்கு வலி 9 நாள் என்று நோட்டில் இருக்கிறது. 2020-ல் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது மாதத்துக்கு 2. எனக்குப் போய்விட்டது என்றே தோன்றியது. அக்கா மகனும் இதே டாக்டரிடம்தான் பார்த்தான், அவனுக்கு 14 வயதோடு சுத்தமாக நின்றுவிட்டது. அதைப் பார்த்து நாங்களும் நம்பினோம். டாக்டர்தான் போனில், “நோட்டை மட்டும் நிறுத்தாதீங்க” என்றார். வயதுக்கு வருவதற்கு முன்னால் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் இது ஏறக்குறைய ஒரே அளவில்தான் வரும், அதற்குப் பிறகு பெண் பிள்ளைகளுக்குக் கூடும் என்று முன்பே சொல்லியிருந்தார். 2022-ல் மகள் வயதுக்கு வந்தாள். மாதத்துக்கு 7, 8 என்று ஏறியது. 2023-ல், ஒன்பதாம் வகுப்பில், ஒரு மாதம் 11. வலியும் மாறிவிட்டது: நெற்றியை விட்டு இடது பக்கத்துக்குப் போனது, இரண்டு மணி நேரத்தில் தீராமல் நாள் முழுக்க நின்றது.

அப்போதுதான் தினசரி மாத்திரை தொடங்கினோம், ஃப்ளூனாரிசின், ராத்திரி ஒன்று. அதோடு சனிக்கிழமை கீழ்த்தளத்தில் இருக்கிற ஆலோசகரிடம் மூச்சுப் பயிற்சியும் உடம்பைத் தளர்த்துகிற பயிற்சியும் எட்டு வாரம். வலி குறைந்தது, உண்மை. ஆனால் நான்கு மாதத்தில் 5 கிலோ கூடினாள். எடை கூடும், தூக்கம் வரும் என்று டாக்டர் ஒரு வரியில் சொல்லியிருந்தார். 13 வயதுப் பெண் பிள்ளைக்கு அது ஒரு வரியில் சொல்லிப் போகிற விஷயம் இல்லை. அவள் அந்த வருடம் பள்ளி விழாவில் டான்ஸுக்குப் பெயர் கொடுக்கவில்லை. நான் நேரில் போய்ச் சொன்னேன். அவர் தன் தவறு என்று மகளிடமே சொன்னார், மாத்திரையை நிறுத்தினார், அதன் பிறகு எதை எழுதினாலும் அவளிடம் விவரமாகச் சொல்லி அவள் சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறார். ஆனாலும் அந்த நான்கு மாதத்துக்கு நான் ஒரு ஸ்டார் குறைக்கிறேன்.

இன்னொரு தகராறு டியூஷன். நம் ஊரில் பத்தாம் வகுப்பு என்றால் காலை ஐந்தரைக்கு டியூஷன், மாலையில் இன்னொன்று. டாக்டர் காலை டியூஷனை நிறுத்தச் சொன்னார். நான் ஒரு மாதம் கேட்கவில்லை, நோட்டில் 9 என்று வந்தது. நிறுத்தினேன், 4 ஆயிற்று. 2025 பொதுத்தேர்வு எல்லா நாளும் எழுதினாள். ஒரு நாள் மட்டும் தேர்வு முடிந்து வெளியே வந்ததும் வலி.

அக்கா மகன் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடம் ஒன்றுமே இல்லாமல் இருந்தவன், கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன இரண்டாம் மாதம் போன் பண்ணி, “சித்தி, திரும்ப வந்துட்டு” என்றான். அவனுக்குப் பயம் இல்லை. காலைச் சாப்பாட்டை விட்டதையும் ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்ததையும் அவனே சொன்னான். பழைய நோட்டைக் கேட்டான், பார்சலில் அனுப்பினோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். டோக்கனுக்கு மதியம் 3 மணிக்கு மேல் போன் பண்ண வேண்டும், லைன் கிடைக்க நாற்பது தடவை அடிக்க வேண்டியிருக்கும். ஆறரைக்கு வரச் சொல்லி ஒன்பதரைக்குப் பார்த்த நாளும் உண்டு. அன்றைக்கு அண்ணா பஸ் நிலையத்தில் திங்கள்நகர் பஸ் போய்விட்டது, ஆட்டோவுக்கு 500 ரூபாய் ஆயிற்று. காத்திருக்கிற ஹாலில் டியூப்லைட் வெளிச்சமும் டிவி சத்தமும் தலைவலிக்காரப் பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது. பல பேர் சொன்ன பிறகு இப்போது டிவியை எடுத்துவிட்டார்கள், ஒரு ஓரத்தில் விளக்கில்லாமல் நான்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஃபீஸ் 2019-ல் 300, இப்போது 500. ரிசெப்ஷனில் சில நாள் பேச்சு கடுமையாக இருக்கும். லிஃப்ட் இல்லை.

வலி நோட்டின் முதல் பக்கத்தில் டாக்டர் எழுதிக்கொடுத்ததை இங்கே சொல்கிறேன், அந்த நோட்டு எல்லார் கையிலும் இருக்காது. தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, காலையில் எழுந்ததும் வாந்தி, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிற வலி, நடை தடுமாறுவது, இரண்டிரண்டாகத் தெரிவது, வலிப்பு, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, இதுவரை வராத மாதிரி திடீரென்று வெடித்தாற்போல வலி. இதில் ஒன்று இருந்தாலும் டோக்கனுக்குக் காத்திருக்காமல் உடனே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ போகச் சொன்னார். ரொம்பச் சின்னப் பிள்ளை, 5 வயதுக்குக் கீழ், தலை வலிக்குது என்றால் அதையும் உடனே காட்ட வேண்டும் என்றார். ஸ்கேன் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் அவசியம், பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்து பழைய மாதிரியே வந்துபோகிற வலிக்கு வேண்டியதில்லை.

இப்போது மாதத்துக்கு 3 நாள், பெரும்பாலும் மாதவிலக்கை ஒட்டி. நோட்டை அவளே எழுதுகிறாள். போன தடவையிலிருந்து உள்ளே தனியாகப் போகிறாள், நான் வெளியே விளக்கில்லாத ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் தடவை எனக்குப் படபடப்பாக இருந்தது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

நான்கு ஸ்டார்.

புதிதாகப் போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை போங்கள், கூட்டம் குறைவு. பழைய ஸ்கேன், பழைய சீட்டு எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது தடவை அலைய வேண்டும். போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வலி வந்த நாட்களைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். மாடியில் குடிதண்ணீர் பல நாள் தீர்ந்துபோயிருக்கும், பாட்டிலும் பிள்ளைக்குத் தின்ன ஏதாவதும் கையில் இருக்கட்டும்.